பொருளில்லையென்று எழுத நாணலாமா?

அமெரிக்கச் சர்வகலாசாலைகளுக்கு விண்ணப்பிக்க விரும்பும் மாணவர்களின் பெற்றோர் அடிக்கடி கேட்கும் வினா ஒன்றுண்டு. “உதவிப்பணம் வேண்டுமென்று எழுதினால் இடம் கிடையாதாமே. இப்பொழுது வேண்டாமென்று எழுதிவிட்டு, இடம் கிடைத்தபின் கேட்டாலென்ன?” என்பதே அது. ஒரு குடும்பத்தின் காணியையும் நகையையும் விழுங்கவல்ல எண்ணம் இது. ஆதலின் இவ்வாரம் இதனைச் சிறிது ஆராய்வோம்.

அங்குள்ள சர்வகலாசாலைகள் யாவும் ஒரே முறையைக் கைக்கொள்வனவல்ல. முதலாம் வகையின, பிறநாட்டு மாணவனின் பொருள்நிலையை நோக்காது அவனைத் தெரிவு செய்து, குறைவுபடும் தொகை முழுவதையும் வழங்குவன. ஹாவர்ட், யேல், பிரின்ஸ்ரன், மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகம், அமேர்ஸ்ற் கல்லூரி ஆகியன இவ்வகையின. 2022இல் டார்ட்மத், போடன் ஆகிய கல்லூரிகளும் இம்முறையை மேற்கொண்டன. ஆனால் இவ்விடங்கள் மிக அரியன; ஹாவர்டில் விண்ணப்பிப்போர் 100 பேரில் 5 பேருக்கும் இடம் கிடைப்பதில்லை.

இரண்டாம் வகையின, பொருள்நிலையையும் கருத்திற்கொண்டே தெரிவு செய்வன. தெரிவு செய்தபின் குறைவை முற்றாக நிரப்புவன. வில்லியம்ஸ், சுவாத்மோர் முதலிய கல்லூரிகள் இத்தகையன. மூன்றாம் வகையின, இடமளிப்பினும் பிறநாட்டாருக்குப் பொருளுதவி மிகச் சிறிதே அளிப்பன. கலிபோர்னியா முதலிய மாநிலங்களின் அரசினர் சர்வகலாசாலைகள் பல இதில் அடங்கும். அமெரிக்க மத்திய அரசாங்கத்தின் மாணவர் உதவிப்பணமோ பிறநாட்டாருக்கு இல்லை.

இனி, தேவையை மறைப்பதால் வரும் பயன் யாது? முதலாம் வகையில் மறைக்கவேண்டிய தேவையே இல்லை. மூன்றாம் வகையில் பின்னர் கேட்டாலும் கொடுப்பாரில்லை. இரண்டாம் வகையிலேதான் ஆசை பிறக்கும். ஆபத்தும் அங்கேதான் உண்டு. விண்ணப்பிக்கும்போது உதவி கேளாத பிறநாட்டு மாணவனுக்குப் பின்னர் உதவி வழங்குவதில்லையென்பது அக்கல்லூரிகள் பலவற்றின் விதி. இத்தகைய கல்லூரிகளில் ஆண்டொன்றுக்கு ஆகும் செலவு 80,000 டொலரைத் தாண்டுகின்றது. முதலாண்டுக்கான பணத்தைக் கடன்வாங்கி வங்கியில் வைத்துக் காட்டினாலும், எஞ்சிய மூன்றாண்டுகளுக்கு எங்கே போவது? படிப்பை இடைநடுவில் விட்டுக் கடனோடு திரும்பும் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே உள்ளதை உள்ளவாறே எழுதுங்கள். ‘சீ.எஸ்.எஸ். புரொபைல்’ என்னும் படிவத்தில் வருமானம், சேமிப்பு, ஆதனம் யாவும் கேட்கப்படும். சம்பளச் சீட்டில்லாத கமக்காரரும் சிறுவணிகரும் ஆண்டு வரவுசெலவைத் தெளிவாக எழுதி, ஒரு விளக்கக் கடிதமும் இணைக்கலாம். வெளிநாட்டிலுள்ள மாமனார் அனுப்பும் பணத்தையும் ஒளியாது குறிப்பிடுங்கள். தமிழிலுள்ள பத்திரங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பித்து வையுங்கள். விண்ணப்பக் கட்டணம் செலுத்த இயலாதோர் விலக்களிக்குமாறு கேட்கலாம், அதற்கும் வழியுண்டு.

பொதுவாக விண்ணப்பங்கள் சனவரித் தொடக்கத்தில் முடிவடையும். முடிவு மார்ச்சு இறுதியில் வரும். உதவிப்பணத்துக்கான படிவத்தின் இறுதி நாள் வேறாக இருக்கக்கூடும். கல்லூரிதோறும் அதனைத் தனியே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாணவர்களே, முதலிரு வகைகளிலும் சிலவற்றைத் தெரிந்து விண்ணப்பியுங்கள். பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ கிடைக்கக்கூடிய இடத்தையும் கைநழுவ விடாதீர்கள். பெற்றோரே, வீட்டின் உண்மையான வருமானத்தை இன்றே பிள்ளையோடு அமர்ந்து கணக்கிடுங்கள். இல்லாமையைச் சொல்வதில் இழிவில்லை. அதனைக் கேட்டறிந்து உதவுவதற்கென்றே அக்கல்லூரிகள் நிதி ஒதுக்கி வைத்திருக்கின்றன.