குழந்தையிடமும் சொல்லுங்கள்

“சும்மா இரு, இல்லையென்றால் டாக்டர் ஊசி போட்டுவிடுவார்.” புறநோயாளிகள் பிரிவில் நாள்தோறும் காதில் விழும் பேச்சு இது. சொல்பவருக்கு அது அந்நேரத்துச் சமாளிப்பு. நெடுநாள் சிகிச்சை பெறவிருக்கும் குழந்தைக்கோ, மருத்துவரைப் பற்றிய முதல் அறிமுகமே அதுதான்.

குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் லிம்போபிளாஸ்டிக் வகை இரத்தப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். முறையான சிகிச்சை பெறும் குழந்தைகளில் பெரும்பாலோர் இன்று குணமடைகின்றனர். ஆனால் அச்சிகிச்சை 2 முதல் 3 ஆண்டுகள் நீளும். முதுகுத்தண்டின் வழியாகவும் பலமுறை மருந்து செலுத்த நேரிடும். “வலிக்காது” என்னும் பொய் அங்கே ஒருமுறைதான் செல்லுபடியாகும். அடுத்தமுறை, வலியே இல்லாத எக்ஸ்ரே அறைக்குள்ளும் பிள்ளை வர மறுக்கும்.

பெற்றோர் பலர் எங்களைத் தனியே அழைத்து, “பிள்ளைக்கு எதுவும் தெரிய வேண்டாம், டாக்டர்” என்று வேண்டுகின்றனர். அவ்வேண்டுகோளில் உள்ள அன்பை மதிக்கிறேன். ஆயினும் உடன்பட இயலவில்லை. முடி உதிர்வதையும், பாட்டி மறைவில் அழுவதையும், தன்னைக் கண்டதும் பேச்சு நின்றுபோவதையும் 8 வயதுப் பிள்ளை கவனிக்காமலா இருக்கும்? மீதியைப் பக்கத்துக் கட்டில் பிள்ளை சொல்லிவிடும். இன்னும் சிறிய குழந்தைகள், தாம் செய்த குறும்புக்குத் தண்டனையாகவே நோய் வந்தது என்று எண்ணிக்கொள்வதுண்டு. “இது உன்னால் வந்ததில்லை” என்று யாரேனும் வாய்திறந்து சொன்னாலன்றி அவ்வெண்ணம் எளிதில் அகலாது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்ல வேண்டியதில்லை. 4 வயதுக் குழந்தைக்கு, “உன் இரத்தத்தில் நோய் இருக்கிறது, மருந்து ஏற்றுவார்கள், அம்மா கூடவே இருப்பேன்” என்பது போதும். 13 வயதுப் பிள்ளைக்கு நோயின் பெயரையும் சொல்லிவிடுவதே நல்லது; இல்லையேல் கைப்பேசியில் தேடிக் கண்டுபிடித்துத் தனியே அஞ்சும். இரத்தம் எடுக்கையில் சிறிது வலிக்கும் என்று முன்னரே கூறுங்கள். தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பு உண்டு. தடவி ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழிந்தால்தான் அது பலன் தரும். ஆகையால் வந்தவுடனேயே செவிலியரிடம் கேளுங்கள்.

மருத்துவர் உங்களிடம் மட்டும் பேசினால், “பிள்ளையிடமும் சொல்லுங்கள்” என்று தயங்காமல் கேளுங்கள். அது மரியாதைக் குறைவன்று. தன்னைப் பற்றிய முடிவுகளில் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்கு வழங்கும் ஐ.நா. உடன்படிக்கை 1989இலேயே நிறைவேறியது. இந்தியா 1992இல் அதனை ஏற்றது.

அடுத்த வருகைக்கு முன், கேட்க விரும்புவதைப் பிள்ளையின் கையாலேயே கோப்பின் முதல் தாளில் எழுதச் செய்யுங்கள். “பள்ளிக்கு எப்போது போகலாம்?” என்பதே பெரும்பாலும் முதல் கேள்வியாக இருக்கும்.