எண்ணியவன் பெயர் எங்கே?



ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நீங்கள் இவ்வேட்டை விரித்திருக்கும் வேளையிலே, உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு மூலையில் கைபேசியும் கையுமாக அமர்ந்து வீடியோ கேம் ஆடிக்கொண்டிருக்கக் கூடும். கண் கெடுமே, காலம் வீணாகுமே எனக் கடிந்துகொள்கிறீர்கள், கடமைதான். ஆயினும், அந்த ஆட்டத்தை எண்ணிப் படைத்தவன் யார், அவ்வெண்ணம் அவனுக்கு எங்கிருந்து வந்தது, அதன் பலன் எவர் கைக்குப் போயிற்று என்று என்றேனும் கேட்டதுண்டா?

அரசியல் ஏட்டிலே ஆட்டத்துக்கென்ன இடம் என்பீர்களோ? உழைப்பு உள்ள இடமெல்லாம் அரசியல் உண்டு. சிந்தித்தலும் உழைப்பே, தோழரே!

புதுக்கருத்து என்பது மேதையின் மூளையிலே மின்னலென இறங்கும் வரம் என்று கதை கட்டுவோர் உளர். வரலாறு வேறு கூறுகிறது. வாழ்விலே கண்டதும், இல்லாமையிலே கற்றதுமே அதன் தாயும் தந்தையும்.

ஜப்பானின் சதோஷி தாஜிரி, டோக்கியோவின் புறநகரிலே பூச்சி பிடித்து விளையாடி வளர்ந்தவர். அங்கிருந்த குளமும் காடும் அழிந்து கட்டடங்கள் எழுந்தன. தேடிப் பிடித்துச் சேர்க்கும் அந்த இன்பத்தை வருங்காலப் பிள்ளைகளுக்கு மீட்டுத் தரும் விருப்பமே 1996இல் போக்கிமான் ஆயிற்று. அந்நாட்டின் தோரு இவாத்தானியோ, அன்றைய ஆட்டங்கள் பலவும் சுடுவதும் அழிப்பதுமாக இருக்கக் கண்டார். பெண்களும் விரும்பி ஆட ஒன்று வேண்டும் என்று எண்ணினார். உண்ணுதலைக் கருவாக எடுத்தார். 1980இல் பேக்மேன் பிறந்தது.

இல்லாமை கற்பித்த பாடத்தையும் பாருங்கள். 1978இல் தோமோஹிரோ நிஷிகாதோ ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆட்டத்தை ஆக்கினார். திரை நிறையப் பகைவர் நின்றபோது கருவி திணறிற்று. அவர்கள் மடிய மடிய வேகம் கூடிற்று. கருவியின் குறை அது. அவரோ அதைத் திருத்தாமல், ஆட்டத்தின் உயிராகவே அமைத்துக்கொண்டார்!

மாஸ்கோவிலே, அறிவியல் கழகத்தின் கணிப்பு மையத்தில் பணியாற்றிய அலெக்சி பஜித்னோவிடம் 1984இல் இருந்த கணினிக்குப் படம் காட்டத் தெரியாது. எழுத்து மட்டுமே காட்டும். அடைப்புக்குறிகளை அடுக்கிச் சதுரமாக்கினார் அவர். ஐந்து சதுரத் துண்டுகளைப் பொருத்தும் பழைய புதிரை, நான்கு சதுரங்களாலான 7 வடிவங்களாகச் சுருக்கினார். திரை நொடியில் நிரம்பிவிடவே, நிறைந்த வரிசை மறையட்டும் என்றார். அதுவே உலகை ஆட்டிவைத்த டெட்ரிஸ்! ஆனால் அதன் உரிமையை அரசு ஏற்றது. ஆக்கியவருக்கு உரிமைத்தொகை கிட்டத் தொடங்கியது 1996இல்தான். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து!

பொதுவுடைமை நாட்டில் அப்படியென்றால், முதலாளித்துவ நாட்டிலே மட்டும் படைப்பாளி அரியணை ஏறினானா? அமெரிக்காவின் அடாரி நிறுவனம், ஆட்டத்தை ஆக்கியவரின் பெயரைப் பெட்டியில் அச்சிடவும் மறுத்தது. வாரன் ராபினெட் என்ற தொழிலாளி, 1980இல் வெளிவந்த தம் அட்வென்ச்சர் ஆட்டத்துள் இரகசிய அறை ஒன்றை அமைத்து, அதிலே தம் பெயரை ஒளித்துவைத்தார். தன் பெயரைத் தானே திருட்டுத்தனமாக எழுத வேண்டிய நிலை! அதே நிறுவனத்தின் நால்வர் 1979இல் வெளியேறி ஆக்டிவிஷனைத் தொடங்கினர். படைத்தவர் பெயரைப் பெட்டியின்மேல் பொறித்தனர். அந்த ஆக்டிவிஷனை உள்ளடக்கிய நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரில் ஏறத்தாழ 6,900 கோடி டாலருக்கு வாங்கிற்று. 2024 ஜனவரியில், தன் விளையாட்டுப் பிரிவிலிருந்து 1,900 பேருக்கு வேலையில்லை என்றது. உரிமை கேட்டுப் பிறந்த வீடே, உழைத்தவனை வெளியேற்றும் வாயிலாயிற்று!

எனவே, தோழரே, பிள்ளைக்கு இரண்டு சொல்லுங்கள். கருத்தைத் தேடிக் கடல் கடக்க வேண்டாம். பூச்சியும் பசியும் பழம்புதிரும் உலகை வென்றன எனில், நம் தெருவும் திண்ணையும் தோற்றா போகும்? இது ஒன்று. எண்ணியதற்குப் பெயரும் பங்கும் கேள். ஒப்பந்தத்தைப் படித்தபின் கையெழுத்திடு. தனியே நில்லாதே, சங்கமாய் நில். இது மற்றொன்று.

திண்ணையிலே நம் முன்னோர் கீறி ஆடிய ஆடுபுலி ஆட்டம் நினைவிருக்கிறதா? புலி மூன்று, ஆடு பதினைந்து. புலி தாவும், வெட்டும். ஆட்டுக்கோ வெட்டும் உரிமை இல்லை. ஆயினும் ஆடுகள் சேர்ந்து நின்று வழியடைத்தால், புலிக்கு நகர இடமில்லை. அந்த ஆட்டத்தை எண்ணியவன் பெயரை நாம் அறியோம். அவன் கற்பித்த பாடத்தையேனும் மறவாதிருப்போம்!