எந்தப் பக்கம் காது கொடுக்கிறது மைக்?

பாட்டி பாடும் தாலாட்டைச் செல்போனில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். பாட்டியின் குரலோடு மின்விசிறி இரைச்சல், குக்கர் விசில், தெருவில் போகிற ஆட்டோ எல்லாம் சேர்ந்தே கேட்கும். போன் மைக்குக்கு எல்லாப் பக்கமும் காது. 'இந்தப் பக்கம் மட்டும் கேள்' என்று சொன்னால் கேட்கிற மைக் ஒன்று வேண்டும் என்று தோன்றும்போதுதான், சிலர் சால்டரிங் அயர்னைக் கையில் எடுக்கிறார்கள்.

அவர்கள் செய்து பார்க்க ஆசைப்படுவது வால்வு கண்டென்சர் மைக். கண்டென்சர் மைக்கை 1916-ல் அமெரிக்காவில் உருவாக்கியவர் இ.சி.வென்டே. ஜெர்மனியின் நியூமன் நிறுவனம் 1949-ல் கொண்டுவந்த யு47, ஒரு சுவிட்சைத் திருப்பினால் கேட்கும் திசையை மாற்றிக்கொண்டது. அதிலிருந்த விஎஃப்14 வால்வின் உற்பத்தி நின்றதும், 1960-ல் இஎஃப்86 வால்வுடன் யு67 வந்தது. இன்றும் வீட்டில் மைக் செய்பவர்கள் பலர் இந்தப் பழைய வடிவங்களைத்தான் பின்பற்றுகிறார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

மைக்கின் இதயம் கேப்ஸ்யூல். நடுவில் துளைகளிட்ட பித்தளைத் தட்டு. அதன் இரு புறமும் தங்கம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு. தடிமன் சுமார் 6 மைக்ரான், அதாவது தலைமுடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. தட்டுக்கும் சவ்வுக்கும் இடையே சுமார் 60 வோல்ட் கொடுத்தால், குரல் பட்டுச் சவ்வு அதிரும்போது மின்னழுத்தமும் ஏறி இறங்கும். அந்தச் சிக்னல் மிக நலிந்தது. நீண்ட வயரில் போகத் தெம்பில்லை. அதனால்தான் மைக்கின் உடம்புக்குள்ளேயே வால்வு உட்கார்ந்திருக்கிறது.

திசை மாறும் ரகசியம் பின் சவ்வில் இருக்கிறது. பின் சவ்வுக்கும் தட்டுக்கும் இடையே வோல்ட் வித்தியாசம் இல்லையென்றால் அது ஊமை. முன் சவ்வு மட்டும் கேட்கும். இதய வடிவில் முன்பக்கத்துக்கே காது கொடுக்கும். அதுதான் கார்டியாய்டு. பின் சவ்வுக்கும் முன் சவ்வைப் போலவே வோல்ட் கிடைத்தால் எல்லாப் பக்கமும் கேட்கும், அது ஆம்னி. தலைகீழாகக் கொடுத்தால் முன்னும் பின்னும் கேட்டு, இரு பக்கவாட்டிலும் செவிடாகிவிடும். அது 8 வடிவம். பீட்டில்ஸ் குழுவின் பாடகர்கள் ஒரே மைக்கின் இருபுறமும் எதிரெதிரே நின்று பாட முடிந்தது, யு48 மைக்கின் இந்த 8 வடிவத்தால்தான்.

பரவலான ஒரு சர்க்யூட்டில் தட்டுக்கு 60 வோல்ட். பின் சவ்வுக்கு 0 கொடுத்தால் ஆம்னி, 60 கொடுத்தால் கார்டியாய்டு, 120 கொடுத்தால் 8 வடிவம்.

சுவிட்ச் திருப்பியும் மாறவில்லையா?

முதலில் சோதனையைச் சரியாகச் செய்யுங்கள். அறைக்குள் வேண்டாம். பின்பக்கம் நின்று பேசினாலும் குரல் சுவரில் பட்டு முன்பக்கமாக வந்துவிடும். அதிகாலை மொட்டை மாடி உத்தமம். ஒருவர் ஒரே இடத்தில் நின்று ஒன்று முதல் பத்து வரை எண்ணட்டும். மைக்கைக் கால் கால் வட்டமாகத் திருப்புங்கள். சுவிட்சை மாற்றியதும் சில நொடிகள் பொறுங்கள். பெரிய ரெசிஸ்டர்கள் வழியாக மின்னேற்றம் மெதுவாகத்தான் ஏறும்.

பிறகு அறிகுறியைப் படியுங்கள். மூன்று நிலையிலும் கார்டியாய்டாகவே இருந்தால், பின் சவ்வுக்குப் போகும் வயர் அறுந்திருக்கலாம். மூன்றிலும் ஆம்னி என்றால், அந்த வழி எங்கோ கிரவுண்டில் ஒட்டியிருக்கலாம். கார்டியாய்டில் முன்பக்கம் செவிடாகிப் பின்பக்கம் கேட்டால், முன் பின் வயர்கள் மாறியிருக்கின்றன. 8 வடிவத்தில் ஒரு பக்கம் மட்டும் குரல் சன்னமாக வந்தால், இரு சவ்வுகளின் வயரையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். மைக்கின் அதே பக்கம் சன்னமாக இருந்தால் குறை கேப்ஸ்யூலில். பக்கம் மாறினால் சர்க்யூட்டில்.

பலரும் ஏமாறுவது மல்டிமீட்டரிடம். கேப்ஸ்யூலுக்கு வோல்ட் போகும் வழியில் 1 கிகா ஓம் அளவுக்கு ரெசிஸ்டர் இருக்கும். சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம். 60 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் அது 0.6 வோல்ட்தான் காட்டும். 'கேப்ஸ்யூல் போச்சு' என்று நல்ல கேப்ஸ்யூலைக் கழற்றிப் போட்டவர்கள் உண்டு. அந்த ரெசிஸ்டருக்கு முன்னால், சப்ளை பக்கத்தில் அளந்தால் உண்மை தெரியும்.

இன்னொரு எதிரி அழுக்கு. விரல் எண்ணெயும் சால்டரிங் பிசினும் ஈரக்காற்றில் மின்சாரத்தைக் கசிய விடும். வோல்ட் குறையும், படபடவென்று சத்தம் வரும். அந்த இணைப்புகளை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். சவ்வைத் தொடவே கூடாது. வாயால் ஊதவும் கூடாது.

எச்சரிக்கை ஒன்று. இந்த மைக்கின் பவர் சப்ளையில் 100 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. வீட்டு 230 வோல்ட்டும் உள்ளே வருகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். மின்னேற்றம் முழுதும் இறங்கிவிட்டதை மீட்டரால் உறுதி செய்யாமல் உள்ளே கை வைக்காதீர்கள். பழகாதவர்கள், வால்வு ரேடியோ பழுது பார்த்த அனுபவசாலி ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தொடங்குங்கள்.

எல்லாம் சரியானதும், மைக்கின் முதுகு மின்விசிறியைப் பார்க்க, முகம் பாட்டியைப் பார்க்கட்டும். கார்டியாய்டில் வையுங்கள். இரைச்சல் முழுதும் போகாது. ஆனால் பின்னுக்குப் போய்விடும். தாலாட்டு முன்னுக்கு வரும். பேத்தியும் சேர்ந்து பாட விரும்பினால் எதிரே உட்காரச் சொல்லுங்கள். சுவிட்சை 8 வடிவத்துக்குத் திருப்பினால் போதும்.