ஃபோர்வீல் டிரைவ் வாங்கும் முன் ஒரு கணக்கு

டோபி காட்டில் மூன்று எம்ஆர்டி தடங்கள் சந்திக்கின்றன. இப்படிப்பட்ட ஊரில் மேடு பள்ளத்தில் ஓடும் கிராஸ்ஓவர் காரை யார் தேடுகிறார்கள்? ஜோகூரில் சொந்தபந்தம் உள்ளவர்கள்தாம். தீபாவளிக்குத் தோட்டத்துக்குப் போனால் கடைசிச் சில கிலோமீட்டர் செம்மண் பாதை. மழை பெய்தால் சேறு.

அதற்காக எவ்வளவு கொடுக்கிறோம் என்பதே கேள்வி. 1990ல் வந்த சிஓஇ முறையில், 1,600 சிசிக்கும் 97 கிலோவாட்டுக்கும் உட்பட்ட பெட்ரோல் கார்கள் இப்போது ‘ஏ’ பிரிவு. 2 லிட்டர் எஞ்சினும் ஃபோர்வீல் டிரைவும் கொண்ட சுபாரு ஃபாரஸ்டர் ‘பி’ பிரிவு. 2023 அக்டோபரில் ‘ஏ’ 106,000 வெள்ளிக்கும் ‘பி’ 150,001 வெள்ளிக்கும் போன ஏலம் நினைவிருக்கலாம். இந்த இடைவெளி ஏலத்துக்கு ஏலம் மாறும். ஆனால் வரி மாறாது: காரின் பொதுச் சந்தை மதிப்பு 20,000 வெள்ளியிலிருந்து 30,000க்கு ஏறினால், கூடுதல் பதிவுக் கட்டணம் 20,000லிருந்து 34,000 ஆகிவிடும்.

தோட்டப் பாதையில் முதலில் கைகொடுப்பது காரின் உயரமும் நல்ல டயரும். ஆண்டுக்கு நாலைந்து தடவை போகும் குடும்பத்துக்கு ‘ஏ’ பிரிவில் சற்று உயரமான கார் போதும் என்பது என் கணிப்பு. அடைமழை நாளில் தார்ச்சாலை ஓரம் நிறுத்திவிட்டு மாமாவின் லாரியில் ஏறிப் போனால் மானம் ஒன்றும் போகாது.

எந்தக் கார் வாங்கினாலும், விஇபி இல்லாத சிங்கப்பூர் கார்களுக்கு மலேசியா 2025 ஜூலை 1 முதல் 300 ரிங்கிட் அபராதம் விதிக்கிறது. கடற்பாலம் ஏறுமுன் பெட்ரோல் டாங்கி முக்கால் பங்காவது நிரம்பியிருக்க வேண்டும்.