மூன்றரை கிலோமீட்டர் முன்ஜாக்கிரதை

லஸ் கார்னரிலிருந்து பாண்டி பஜாருக்கு பைக்கில் போக எனக்கு அரை மணி நேரம் ஆகிறது. இதே ஊரில்தான் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ராத்திரிகளில் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார்கள் பறந்தன. மூன்றரை கிலோமீட்டர், 19 வளைவுகள். அண்ணா சாலை, தூர்தர்ஷன் இருக்கும் சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம்... எல்லாம் நாம் ஃபர்ஸ்ட் கியரில் ஊர்கிற அதே ரோடுகள்தான் சார்!

"இத்தனை வருஷமா எங்கேய்யா ஓட்டினாங்க?" என்றார் ஆபீஸில் பக்கத்து ஸீட்காரர்.

முதலில் சோழவரம். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலக யுத்தத்தின்போது விமானம் இறங்குவதற்காகப் போட்ட ஓடுதளம். 1953-ல் பிறந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்தியது. ஆனால் ரன்வே என்பது நேராகப் போவதற்கு. சடாரென்று திரும்புவதற்கு இல்லை.

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸுக்கென்றே ஒரு டிராக் வந்தது. சுமார் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். கார் தடம் மாறினாலும் வேகம் அடங்க ஓரத்தில் காலி இடம். பிற்பாடு ஃபார்முலா 1 வரை போன நரேன் கார்த்திகேயனும் (2005) கருண் சந்தோக்கும் (2010) அங்கே ஓட்டியவர்கள்தான்.

சிட்டிக்குள் காலி இடத்துக்கு எங்கே போவது? அதனால் ரோட்டின் இரண்டு பக்கமும் கான்கிரீட் தடுப்பு, மேலே கம்பி வலை. 2023 டிசம்பரில் நடக்க வேண்டிய பந்தயம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் தள்ளிப்போனது. மறு வருஷமும் மழை! சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் தாமதமாயிற்று. அது கைக்கு வருகிறவரை கார்கள் சமர்த்தாகக் காத்திருந்தன.

கவனித்தீர்களா? சோழவரத்திலிருந்து சிவானந்தா சாலை வரை சர்க்யூட்டின் வளர்ச்சி என்பது வேகத்தின் கதையே இல்லை. 'தவறினால் என்ன ஆகும்?' என்று முன்கூட்டியே யோசித்த கதை.

நடுராத்திரியில் மெரினாவிலும் ஈ.சி.ஆரிலும் பந்தயம் விடுகிற தம்பிகள் அதை மட்டும் யோசிப்பதில்லை. அப்படிப் போன ஒரு பையனின் பைக் எங்கள் தெருவில் இன்னும் கவர் போட்டு நிற்கிறது. விற்க மாட்டேன் என்கிறார் அவன் அம்மா. வாரா வாரம் துடைத்து வைக்கிறார்.

வேகம் வேண்டுமா, டிராக்குக்குப் போங்கள். ரோட்டில் சிக்னலுக்கு நில்லுங்கள், ஹெல்மெட்டைத் தலையில் மாட்டுங்கள். கைப்பிடியில் அல்ல.

தீவுத்திடல் பக்கத்தில் மன்றோ துரை சேணமும் அங்கவடியும் இல்லாமல் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறாரே என்று கேட்காதீர்கள். அவருக்குப் பரவாயில்லை. அந்தக் குதிரை நகராது!