வழியின் ஏதம்

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி மலை. மகளிர் தினத்தையொட்டிச் சென்னையிலிருந்து வந்த குழு ஒன்றும், ஈரோடு, திருப்பூர்ப் பகுதியிலிருந்து வந்த குழு ஒன்றும் அங்கே காட்டுத்தீயில் சிக்கின. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

சாம்பல் ஆறுமுன்பே எங்கள் தஞ்சாவூர் டீக்கடை வரைக்கும் ஒரு கேள்வி வந்துவிட்டது: "பொம்பளப் புள்ளைங்களுக்குக் காட்டுல என்ன வேல?" இறந்தவர்களில் ஆண்களும் இருந்தார்கள். அவர்களுக்கு அங்கே என்ன வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்குச் சினந்து நம்மில் பலர் சொன்ன பதிலும் எனக்குப் போதவில்லை. "எங்கள் கால், எங்கள் விருப்பம், எங்கும் போவோம்" என்றோம். போகும் உரிமையில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் தீயிடம் உரிமை பேச முடியாது. மார்ச் மாதத்து மலைப்புல் காய்ந்த வைக்கோல்போர். சரிவில் பற்றிய தீ மேல்நோக்கி வெகுவேகமாக ஏறும். மேலே நிற்கும் புல்லை அதன் வெக்கையே முன்கூட்டிச் சுட்டு வைத்துவிடும். தீக்கு மேலே ஏறி ஓடித் தப்புவது அரிது. எரிந்து அடங்கிய கரிநிலம் பெரும்பாலும் பாதுகாப்பானது. பாலியஸ்டர் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். இவற்றையெல்லாம் நமக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

இறந்தவர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் கூட்டமாகத்தான் போனார்கள். "தனியாப் போகாதே" என்று நமக்கு ஓதப்படும் மந்திரத்தை மீறாமல்தான் போனார்கள். முதலில் ஓடிவந்து காயம்பட்டவர்களைச் சுமந்து இறக்கியவர்களில் அடிவாரத்து ஊர்க்காரர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு மலை தெரியும். வழியும் காற்றும் பருவமும் தெரியாமல் போகிற பத்துப் பேர், பத்துத் தனியாட்கள்தான்.

டெல்டாவில் ஏது காடு என்று கேட்கலாம். கொள்ளிடம் இருக்கிறதே. மேட்டூர் நிரம்பி வழிந்தால் உபரிநீர் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்பப்படும். நேற்று மணல்வெளியாகக் கிடந்த இடத்தில் இன்று வெள்ளம் ஓடும். மணல் அள்ளிய குழி அதற்கடியில் கண்ணுக்குத் தெரியாது. என் வகுப்பில் ஒருநாள், நீச்சல் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் என்றேன். அறுபது மாணவிகளில் மூன்று கைகள் உயர்ந்தன. எல்லாரும் காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்த பெண்கள். அண்ணன் தம்பிகள் படித்துறையில் குதித்துப் பழகினார்கள். இவர்கள் வயதுக்கு வந்ததும் ஆறு இவர்களுக்கு அடைக்கப்பட்டது. கற்றுக்கொடுக்காமல் விட்டுவிட்டு, "உனக்குத்தான் நீச்சல் தெரியாதே, ஆத்துப் பக்கம் போகாதே" என்கிறோம்.

இன்னொன்றையும் பாருங்கள். குறுவை நடவுக்கு விடியுமுன் வரப்பில் நடக்கும் பெண்ணை யாரும் தடுப்பதில்லை. கண்ணாடி விரியன் கிடப்பது அந்த வரப்பில்தான். அவள் கையில் ஒரு டார்ச் லைட், காலில் ஒரு பூட்ஸ் இருக்கிறதா என்று கேட்பவரும் இல்லை. பெண் கூலிக்குப் போகையில் ஆபத்து எவர் கண்ணிலும் படுவதில்லை. தன் மகிழ்ச்சிக்காக ஒரு மலையைப் பார்க்கப் போகிறேன் என்றால் மட்டும் ஊரே அவளுக்காகப் பதறுகிறது. இந்தப் பதற்றத்தை அக்கறை என்று நான் நம்ப மறுக்கிறேன்.

நம் இலக்கியத்தில் இதற்கு வேறொரு மரபு உண்டு. இரவுக்குறிப் பாடல்களில், மலைவழியே வரும் தலைவனிடம் வழியின் ஏதத்தை எடுத்துச் சொல்பவள் தோழி. யானை திரியும் சாரல், புலி, பாம்பு, முதலை கிடக்கும் காட்டாறு என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அறிந்தவள் அவள். தினைப்புனம் காத்தவளுக்கு அது தெரியாமலா இருக்கும்? வழியை அறிந்த அந்தப் பெண்ணை வகுப்பறையில் பாடமாக வைத்துவிட்டு, வழியே தெரியாத மகள்களை வீட்டில் வளர்க்கிறோம்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலையேற்றப் பாதைகளை முன்பதிவு, உள்ளூர் வழிகாட்டி என்ற ஏற்பாட்டோடு திறந்தது. நல்லது. ஆனால் அனுமதிச் சீட்டு கையில் இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு பெண்கள் கல்லூரியிலும் கோலப்போட்டிக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை நீச்சலுக்கும் வரைபடம் படிப்பதற்கும் கேளுங்கள். பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், கடிபட்டவரை அசையவிடாமல் விஷமுறி மருந்துள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதை உங்கள் தங்கைக்கும் அம்மாவுக்கும் சொல்லுங்கள்.

தோழியரே, மலைக்குப் போங்கள். போகுமுன் எந்த மாதம், எந்த வழி, எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். பருத்தி உடுத்துங்கள், தண்ணீர் சுமந்து செல்லுங்கள். அந்த மலையில் பிறந்தவர் "இன்னிக்கு வேணாம்மா" என்றால் அன்று திரும்பிவிடுங்கள். மறுமுறை போகலாம்.