கௌரவப் பதவியும் கையெழுத்தும்

காஞ்சிபுரம் என்றதும் பட்டும் கோயிலும் நம் நினைவுக்கு வருகின்றன, கூட்டுறவு வருவதில்லை. ஆயினும், இந்தியாவில் பதிவு பெற்ற முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904-ஆம் ஆண்டு அக்டோபரில் அந்நகரில்தான் தோன்றியது. பிற்காலத்தில் பட்டு நெசவாளரும் தமக்கெனக் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்துக்கொண்டனர். சங்கம் பட்டு நூலும் சரிகையும் கொடுக்கும். உறுப்பினர் தம் வீட்டுத் தறியில் சேலை நெய்து ஒப்படைத்துக் கூலி பெறுவார். உறுப்பினர் தம்முள் சிலரையே இயக்குநராகத் தேர்ந்தெடுக்கவும் சட்டம் வழி செய்துள்ளது.

தேர்தல் முடிந்ததும் மாலை விழுகிறது, வீட்டாரும் மகிழ்கின்றனர். "சம்பளமில்லாத கௌரவப் பதவிதானே, இதில் நமக்கென்ன பொறுப்பு?" என்ற எண்ணம் அப்போதே உள்ளே புகுந்துவிடுகிறது. செயலாளர் நீட்டும் தாளில் கையெழுத்திடுவது மரியாதை என்றும், படித்துப் பார்ப்பது சந்தேகம் என்றும் நம்மில் பலர் கருதுகிறோம்.

சட்டத்தின் நோக்கு வேறு. 1983-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1988-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87-ஆம் பிரிவு, தண்டத்தீர்வை பற்றிக் கூறுகிறது. சங்கப் பணத்தைக் கையாடியவர் மட்டுமல்லர், வேண்டுமென்றே காட்டிய அசட்டையால் சங்கச் சொத்தில் குறைவு ஏற்படுத்தியவரும் அதனை ஈடுசெய்ய வேண்டும். அவர் இறந்துவிட்டால், அவருடைய சொத்தைப் பெற்ற வாரிசுகளிடம் விளக்கம் கேட்கவும் அப்பிரிவு இடமளிக்கிறது. எனவே, கணவர் எதில் கையெழுத்திடுகிறார் என்று மனைவி கேட்பதை வீண் தலையீடு என்று நாம் சொல்லமாட்டோம்.

நட்டம் எல்லாமே குற்றமன்று. ஆராய்ந்து முடிவு செய்து நெய்வித்த சேலைகள் தீபாவளிக்கு விற்காமல் தேங்கினால், அது வாணிபத்தின் ஏற்றத்தாழ்வு. சாதாரணக் கவனக்குறைவு மட்டும் போதாது, வேண்டுமென்றே செய்த அசட்டை என்பது மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றமும் கூறியுள்ளது. ஆனால் கிடங்கிற்குள் காலெடுத்து வைக்காமலே "சரிகை இருப்பு சரி" என்று சான்றளித்தவர் என்ன மறுமொழி சொல்வார்?

இதனினும் நுட்பமான ஓரிடம் உண்டு. நல்லவர்கள் இடறுவது அங்கேதான். ஏழை நெசவாளர் ஒருவர் மகளின் திருமணத்திற்கு முன்பணம் கேட்டு நிற்கிறார். துணைவிதிகளில் அதற்கு இடமில்லை. இரக்கப்பட்டு நிருவாகக் குழு கொடுத்துவிடுகிறது. சட்டத்திற்கும் விதிகளுக்கும் துணைவிதிகளுக்கும் மாறாகக் கொடுத்த பணமும் அதே 87-ஆம் பிரிவின்கீழ் வருகிறது. கொடுத்தவர் மனம் தூயதாயிருக்கலாம். கொடுத்த பணமோ மற்ற உறுப்பினருடையது. இரக்கம் எழுந்தால் நம் சட்டைப்பையைத் திறப்போம், அல்லது பொதுக்குழுவைக் கூட்டித் துணைவிதியை முறைப்படி திருத்துவோம். இது கடுமையாகத் தோன்றலாம். பிறர் பணத்தால் செய்வதைத் தருமம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

இயக்குநருக்குப் பாதுகாப்பே இல்லையோ என்று அஞ்ச வேண்டாம். குற்றச்சாட்டை எழுத்தில் தந்து, விளக்கமளிக்க வாய்ப்பும் கொடுத்த பின்னரே ஆணை பிறப்பிக்க முடியும். அதன்மேல் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடும் உண்டு. செயல் நடந்து ஏழாண்டு கடந்தபின் நடவடிக்கை தொடங்க இயலாது. இவற்றுக்கெல்லாம் முந்திய பாதுகாப்பு தீர்மானப் புத்தகம். உடன்படாத தீர்மானத்தில் "நான் உடன்படவில்லை" என்று காரணத்தோடு எழுதச் சொல்லுங்கள். வெளியே வந்து திண்ணையில் முணுமுணுத்தது எந்த விசாரணையிலும் சான்றாகாது. கூட்டத்திற்கே போகவில்லை என்பதும் வலுவான மறுமொழியன்று.

அத்தீர்மானத்தின் நகலொன்றைக் கேட்டு வாங்கி, வீட்டுப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். பதவி முடிந்த மறுநாளே அதைப் பழைய தாள்களோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஏழாண்டுகள் அது பெட்டியிலேயே கிடக்கட்டும். எங்கே இருக்கிறதென்பது வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.